‘வழிபாட்டில் உள்ளதா?’ என்ற கட்டம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் வேலை பார்த்த ஆபீசிலிருந்து இரண்டு பேர் ஓசூரில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆனவனை லீவு நாளில் தேடி வருகிறார்கள் என்றால், கிடங்கில் ஏதோ காணாமல் போயிருக்கிறது, அதை என் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. உட்காரச் சொல்வதற்கு முன்பே "என்ன விஷயம்?" என்று கேட்டுவிட்டேன்.

அப்படி எதுவும் இல்லை. இரண்டு பேரும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். அந்தப் பெண் தன் போனை எடுத்து ஒரு நடுகல்லைக் காட்டினாள். விரலால் தள்ளினால் கல் சுற்றுகிறது, முதுகைக் காட்டுகிறது, தலையைக் காட்டுகிறது. "இனிமே மை, பேப்பர், பிரஷ் எதுவும் வேணாங்கய்யா. சுத்தி நின்னு போட்டோ எடுத்தா போதும், இதுவே கல்ல உருவாக்கிக் குடுத்துடும்" என்றாள். கூட வந்தவர், "புதுசா வர்றவங்களுக்கு ஒரு கையேடு போடுறோம். பொய்யா கொண்டாந்து வெச்ச கல்ல நீங்க கையாலயே கண்டுபிடிச்சீங்களாமே, அத எழுதித் தாங்கய்யா. ஆபீஸ்ல இன்னும் பேசிக்கிறாங்க" என்றார்.

பேசிக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதும் தெரியும். எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எழுதியதைக் கையேட்டில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

என் வேலைக்கு ஆபீஸ் தாள்களில் நீளமாக ஒரு பெயர் உண்டு. ஊர்ப்பக்கம் போனால் ‘கல்லு துடைக்கிறவர் வந்துட்டார்’ என்பார்கள். நடுகற்களுக்கும் கல்வெட்டுகளுக்கும் மைப்படி எடுப்பதுதான் வேலை. ஈரக் காகிதத்தைக் கல்லின் மேல் ஒட்டி, மை ஒற்றி, கல்லில் இருப்பதை அப்படியே காகிதத்துக்குக் கொண்டுவருவது. முதல் மூன்று வருடம் வாளி தூக்கினேன். அடுத்த இரண்டு வருடம் மை கரைத்தேன். அதன் பிறகுதான் கையில் பிரஷ் கொடுத்தார்கள். பயிற்சி என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான்.

சுற்றுலாக்காரர்கள் இந்தப் பக்கம் பார்க்கிற இடம் எல்லாம் நானும் பார்த்தவன். இராயக்கோட்டை மலைக்கோட்டை, கிருஷ்ணகிரி மலைக்கோட்டை, மல்லசந்திரத்துக் கற்திட்டைகள், பாரூர்ப் பக்கம் கரும்புக் காட்டுக்குள் சாய்ந்து கிடக்கும் வீரன் கற்கள். ஆனால் அவர்கள் நின்று காற்று வாங்குவார்கள், செல்ஃபி எடுப்பார்கள். நான் கல்லுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து முதுகை வெயிலுக்குக் கொடுத்திருப்பேன். முப்பது வருடத்தில் இராயக்கோட்டை உச்சியிலிருந்து ஒரு தடவைகூடக் கீழே நன்றாகப் பார்த்ததில்லை. பார்க்க எங்கே நேரம்? திரும்பினால் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு போக ஆள் நிற்கும்.

கையேடு என்று கேட்டதால் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் தேங்காய் நார் பிரஷ்ஷால் கல்லின் பாசியை எடுக்க வேண்டும். கம்பி பிரஷ் தொடவே கூடாது. பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவி, கல் ஈரமாக இருக்கும்போதே நனைத்த காகிதத்தை மேலிருந்து கீழே இறக்க வேண்டும். அடிக்கும் பிரஷ்ஷால் நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்கு அடித்துக்கொண்டே போனால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறும், காகிதம் எழுத்தின் பள்ளத்துக்குள் போய் உட்காரும். அரைக்காய்ச்சலாகக் காய்ந்ததும், பஞ்சு அடைத்த துணிப்பந்தை மையில் தொட்டு, முதலில் இடது உள்ளங்கையில் ஒற்றிப் பார்த்து, பிறகு காகிதத்தில் ஒற்ற வேண்டும். மேடு எல்லாம் கறுக்கும். எழுத்து வெள்ளையாக எழுந்து வரும். அவசரப்பட்டால் எல்லாம் கறுப்பு, அன்றைய நாள் போச்சு.

என் மேலதிகாரி சபாபதி சார். ஒல்லியான மனிதர், எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றமாட்டார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் பக்கத்தில் வந்து நின்றால், தப்பே செய்யாதவனுக்கும் ஏதோ செய்துவிட்டோமோ என்று தோன்றும். எங்கே போனாலும் தன் தண்ணீரைத் தானே கொண்டுபோவார். "அறிக்கை எழுதி முடிக்கிற வரைக்கும் களத்துல யார் குடுத்த டீயும் குடிக்காத மாரப்பா. ஒரு வாய் குடிச்சா அவங்களுக்கு ஒரு வரி எழுதணும்னு கைக்குத் தோணும்" என்பார். ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்பார். களத்தில் ஒரு தடவை, ஜீப்பில் ஒரு தடவை, மறுநாள் காலை நாம் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருக்கும்போது ஒரு தடவை. மூன்று பதிலும் ஒன்றாக இருந்தால்தான் கையெழுத்து. ஒருநாள் நான் துணிந்து, "மூணும் ஒண்ணா இருந்தா நெசம்தானே சார்?" என்று கேட்டேன். "இல்லன்னா நல்லா மனப்பாடம் பண்ணிருக்கான்னு அர்த்தம்" என்றார்.

அவர் அப்படி இருந்ததில் தப்பே இல்லை. இந்த வேலையில் நல்லவன் மாதிரி வருகிறவன்தான் முதல் திருடன். மல்லசந்திரத்தில் ஒரு தடவை, கண்ணாடி போட்ட பெரிய மனிதர் ஒருவர், ஆராய்ச்சி செய்கிறேன் என்று காலையிலிருந்து கூடவே சுற்றினார். எனக்கு வாளிகூடத் தூக்கித் தந்தார். மத்தியானம் மெதுவாக, "தட்டுனா உள்ள காலியா சத்தம் வர்ற கல்லு எது சார்?" என்று கேட்டார். அவ்வளவுதான், சபாபதி சார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். புதையல் பைத்தியம். அன்று போனவர் அடுத்த வாரம் கடப்பாறையோடு வந்து ஊர்க்காரர்களிடம் மாட்டிக்கொண்டார்.

இன்னொரு தடவை ஓசூருக்குப் பக்கத்தில் பிளாட் போட்ட ஒருவர், ராஜா காலத்துக் கல்வெட்டு எங்கள் லேஅவுட்டில் இருக்கிறது என்று பேப்பரில் விளம்பரமே கொடுத்துவிட்டார். போய்ப் படி எடுத்தால் ஒவ்வொரு எழுத்தின் ஓரமும் பிளேடால் கீறின மாதிரி கூர்மை. பழைய எழுத்தின் ஓரம் மழுங்கி இருக்கும், மை அதன் விளிம்பில் லேசாகக் கசியும். கல்லை மோந்து பார்த்தேன். டீத்தூள் வாசனை. பழசாகத் தெரியட்டும் என்று டிகாஷனை ஊற்றி ஊறவைத்திருக்கிறார் மகராசன்!

இப்படியே வருடக்கணக்கில் போனால் மனுசன் என்ன ஆவான்? என் மனைவி சொல்வாள், "நான் காப்பி குடுத்தாகூட டம்ளர திருப்பிப் பாத்துட்டுதான் குடிக்கிறீங்க." அவள் விளையாட்டாகச் சொன்னாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இனி அவர்கள் கேட்ட அந்தக் கல்லுக்கு வருகிறேன்.

சூளகிரியிலிருந்து குருபரப்பள்ளி போகும் வழியில், நெடுஞ்சாலையை விட்டு ஒரு கிலோமீட்டர் உள்ளே, ஒரு கம்பெனி வளாகத்துக்காக நிலம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லைக்கல் நட்டு சிவப்புப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. அந்த எல்லைக்குள் திம்மராயன் என்பவருடைய இரண்டரை ஏக்கரும் வந்தது. தக்காளி, கொஞ்சம் கேழ்வரகு, கிழக்கு மூலையில் கிணறும் வீடும். அவர் பெயரில் ஒரு மனு வந்திருந்தது: உழும்போது மண்ணுக்குள்ளிருந்து ஒரு நடுகல் கிடைத்தது, பழங்காலச் சின்னம் உள்ள நிலத்தை எடுக்கக் கூடாது. கல் பழையது, அங்கேயே புதைந்து கிடந்தது என்று நாங்கள் எழுதிவிட்டால் அந்த இரண்டரை ஏக்கர் தப்பித்துவிடும். இல்லையென்றால் வீட்டோடு போய்விடும்.

ஜீப்பில் போகும்போதே சபாபதி சார் ஆரம்பித்துவிட்டார். "எல்லைக்கல்லு நட்ட பின்னாடி கெடைச்சிருக்கு. அதுக்கு முன்னாடி எத்தன வருசம் உழுதாங்க? அப்பல்லாம் ஏன் கெடைக்கல?"

"அதானே சார்" என்றேன். போய்ச் சேருவதற்கு முன்பே எனக்குத் தீர்ப்பு தயாராகிவிட்டது.

திம்மராயன் ஐம்பது வயது இருக்கும் ஆள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "வாங்க சார், வாங்க சார்" என்று கும்பிட்டபடியே இருந்தார். அவர் மனைவி லட்சுமம்மா செம்பில் மோர் கொண்டுவந்தார். சார் வேண்டாம் என்று கையைக் காட்டினார். நானும் வேண்டாம் என்றேன். அந்த அம்மா செம்பைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கிணற்று மேடையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கல் கிணற்றுக்குப் பக்கத்தில் நின்றது. என் இடுப்பு உயரம். வில்லை வளைத்து நிற்கிற வீரன், காலடியில் நாய், தலைக்கு மேல் நாலு வரி எழுத்து. மாடுகளை மீட்கப் போய் விழுந்தவன் ஒருவனுக்கு எடுத்த கல். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, கல் அசல். அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வராததே எனக்கு எரிச்சலாக இருந்தது.

நார் பிரஷ்ஷால் தேய்க்கப் போனால் தேய்க்க ஒன்றுமே இல்லை. பாசி இல்லை, மண் பொருக்கு இல்லை. யாரோ நமக்கு முன்பே நன்றாகத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றி, காகிதத்தை இறக்கி, அடிக்க ஆரம்பித்தேன். எழுத்து இருக்கும் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்த காகிதம், வீரனின் மார்பிலும் தோளிலும் உட்காரமாட்டேன் என்றது. அடித்தால் வழுக்கிக் கீழே வந்தது. எடுத்துவிட்டு வேறு காகிதம் போட்டேன். அதுவும் வழுக்கியது. உள்ளங்கையை வைத்துத் தேய்த்து மோந்து பார்த்தேன். எண்ணெய். மேலே பூசின எண்ணெய் இல்லை, வருடக்கணக்காகக் கல்லுக்குள் இறங்கிய எண்ணெய். பிரஷ் முனையைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு மூன்று நாரின் நுனியில் சிவப்பு. எழுத்துப் பள்ளத்தின் அடியில் தங்கியிருந்த குங்குமம்.

"இந்தக் கல்லுக்குப் பூஜை ஏதாச்சும் பண்ணுவீங்களா?" என்று திம்மராயனைக் கேட்டேன்.

"இல்லீங்க சார். மண்ணுக்குள்ள கெடந்த கல்லு. அத நாங்க எதுக்குங்க கும்புடப் போறோம்?" என்றார். சொல்லும்போது என்னையும் பார்க்கவில்லை, கல்லையும் பார்க்கவில்லை.

கிணற்று மேடையிலிருந்து அந்த அம்மா தெலுங்கில், "செப்பேயண்டி" என்றார். சொல்லிவிடுங்கள் என்று அர்த்தம். திம்மராயன் திரும்பாமலே "ஊருக்கோ" என்றார். சும்மா இரு என்று அர்த்தம். என் அம்மா பிறந்த வீடு பேரிகைப் பக்கம், எனக்குத் தெலுங்கு தெரியும் என்று அவர்களுக்குத் தெரியாது. நானும் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளுக்குள், மாட்டிக்கொண்டார்கள் என்று ஒரு சந்தோஷம்! இன்று அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சீயக்காய்த் தூள் போட்டு எண்ணெயை இறக்கி, மூன்றாவது காகிதத்தில் படி எடுத்தேன். நல்ல படி. நாயின் வால் வளைவுகூட விழுந்திருந்தது. காயவைத்துச் சுருட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறியதும் சாரிடம் சொன்னேன். "கல்லு நெசம் சார். ஆனா மண்ணுக்குள்ள கெடந்த கல்லு இல்ல. எண்ணெய் குடிச்ச கல்லு. எங்கிருந்தோ தூக்கினு வந்து நட்டுட்டு, கழுவிட்டு, உழும்போது கெடைச்சுதுன்னு கத விடுறாங்க. அந்தம்மா சொல்லிடுன்னு சொல்றா, இந்தாளு வாய மூடுங்கிறான்."

"நிச்சயமா?" என்றார் சார்.

"என் கைக்குத் தெரியும் சார்."

அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஓசூர் வரும்வரை வேறு எதுவும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே படிவத்தை நிரப்பினேன். கல்லின் நீளம், அகலம், எழுத்து, உருவம் என்று வரிசையாகக் கட்டங்கள். ‘கிடைத்த விதம்’ என்ற கட்டத்தில், "மனுதாரர் அளித்த தகவல் பொய். கல் வேறிடத்திலிருந்து அண்மையில் கொண்டுவந்து நடப்பட்டது" என்று எழுதினேன். கடைசிக்கு முந்தின கட்டம், ‘வழிபாட்டில் உள்ளதா?’ பேனா அங்கே நிற்கக்கூட இல்லை. "இல்லை" என்று எழுதினேன். அவர்தானே இல்லை என்றார்.

ஒரே மனிதர், ஒரே இடத்தில் நின்று சொன்ன இரண்டு வார்த்தை. ஒன்றைப் பொய் என்று எழுதினேன். மற்றதை உண்மை என்று எழுதினேன். இரண்டுமே பொய் என்பதற்குச் சாட்சி என் கையில் ஒட்டிய அதே எண்ணெய்தான். அப்போது இது எனக்கு உறைக்கவே இல்லை. பொய்யைப் பிடித்துவிட்ட குஷியில் இருந்தேன்.

மறுநாள் காலை படிவம் சாரின் மேஜைக்குப் போனது. வழக்கமான காலைக் கேள்வி வரும் என்று பதிலோடு காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. என் கையை அவ்வளவு நம்பியிருந்தார். அப்படியே கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. இடம் மாற்றப்பட்ட, வழிபாட்டில் இல்லாத, பழைமையான கல் என்றால் பாதுகாப்புக்காக எங்கள் ஆபீஸ் வளாகத்துக்கு எடுத்துவந்துவிட வேண்டும் என்பது விதி. இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. கிரேன் வைத்த லாரியோடு நான்தான் போனேன்.

கல்லின் இடுப்பில் பெல்ட்டை மாட்டும்போது லட்சுமம்மா ஓடிவந்து லாரிக்கு முன்னால் நின்றுவிட்டார். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. திம்மராயன் கிணற்று மேடையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவே இல்லை.

"எங்க போவுது? எங்க வேடியப்பன எங்கடா தூக்கினு போறீங்க?" என்று கத்தினார். இந்தப் பக்கம் சாமியாகக் கும்பிடுகிற வீரன் கல்லுக்கு வேடியப்பன் என்றுதான் பெயர்.

"இது மண்ணுல கெடைச்ச கல்லுன்னு உங்க வீட்டுக்காரருதான் எழுதிக் குடுத்திருக்காரு" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"அவரு பொய்தான் சொன்னாரு! பயந்துக்கினு சொன்னாரு! உனக்கு எங்க போச்சு புத்தி? நீ கைய வெச்சு மோந்து பாத்தியே, நான் பாத்துக்கினுதானே இருந்தேன். எண்ணெ தெரிஞ்சுதா இல்லியா? குங்குமம் தெரிஞ்சுதா இல்லியா?"

நான் பெல்ட்டின் கொக்கியை இழுத்துப் பார்த்தேன்.

"தெரிஞ்சுதுல்ல? அப்ப நாங்க கும்புடுற சாமின்னு ஒரு வரி எழுதுனா உன் கை வெந்தா பூடும்?"

கிரேன்காரர் என்னைப் பார்த்தார். தூக்குங்கள் என்று கையைக் காட்டினேன். கல் மேலே எழுந்தபோது அந்த அம்மா கத்துவதை நிறுத்திவிட்டார். அது லாரியில் இறங்கும் வரை பார்த்துவிட்டு, என்னிடம் வந்து தணிந்த குரலில் கேட்டார். "அன்னிக்கு பேப்பர்ல எடுத்தீங்களேண்ணா, சாமி உருவம் அப்பிடியே வந்துச்சு. அதயாச்சும் எனக்குக் குடுங்க. செவுத்துல மாட்டிக் கும்புட்டுக்கிறேன்."

ஆபீசில் எப்போதும் இரண்டு படி இருக்கும். கொடுத்திருக்கலாம். ஆனால் எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? இதைக் கேட்கச் சொல்லி யாரோ வக்கீல் அனுப்பியிருக்கிறான், நாளைக்கு கோர்ட்டில் காட்டப்போகிறார்கள் என்று. "அதெல்லாம் வெளிய குடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிவிட்டேன்.

பதினைந்து நாள் கழித்து, நானும் சாரும் கிருஷ்ணகிரியிலிருந்து வரும்போது குருபரப்பள்ளியில் ஜீப் பஞ்சர். சாலையோரத்தில் அன்வர் பாய் என்பவரின் பஞ்சர் கடை. ஜீப்பின் பக்கவாட்டில் எழுதியிருந்த ஆபீஸ் பெயரைப் படித்துவிட்டு அவர் கேட்டார். "திம்மராயன் வேடியப்பன தூக்கினு போனது நீங்கதானா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"நல்லா கேட்டீங்க போங்க! அது என் கடைக்குப் பின்னாடிதானே நின்னுச்சு. அவங்க பாட்டன் காலத்துல இருந்து. ரோடு அகலம் பண்ணப்போ ஜேசிபி வந்து நின்னுச்சு. அந்தம்மா அழுத அழுக இருக்கே! திம்மராயன் டிராக்டர் கொண்டாந்தாரு. கல்லத் தூக்க செயின் பிளாக் குடுத்ததே நான்தான். சொந்த நெலத்துல வெச்சா யாரும் தொடமாட்டாங்கன்னு கெணத்துகிட்ட கொண்டுபோய் வெச்சு, தகரக் கொட்டா போட்டாரு. அதுவும் ஆச்சு பதினோரு வருசம். வீட்ல கல்யாணம்னா மொத பத்திரிக அதுக்குத்தான் வைப்பாங்க, ரெண்டாவது எனக்கு."

"அப்புறம் எதுக்கு மண்ணுல கெடைச்சுதுன்னு சொன்னாங்க?"

பாய் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே சொன்னார். "தாலுக்காபீஸ் வாசல்ல மனு எழுதுற ஒருத்தன் சொல்லிக் குடுத்தது. நீ கும்புடுற சாமின்னு சொன்னா, நெலத்த தராம இருக்க கோயில் வெச்சிருக்கியான்னு துரத்திடுவாங்க. பழங்காலத்துக் கல்லுன்னு சொல்லு, கவுர்மெண்டு அதுக்குத்தான் மதிப்புக் குடுக்கும்னான். திம்மராயன் கொட்டாயப் பிரிச்சாரு. மூணு நாளு புருசனும் பொண்டாட்டியும் சாம்பல் போட்டு, சீயக்கா போட்டு சாமியக் கழுவுனாங்க. எழுத்துக்குள்ள இருந்த குங்குமத்த வெளக்கமாத்துக் குச்சியால நோண்டி எடுத்தாங்க. அந்தம்மா அழுதுகினே செஞ்சாங்க."

சாரைப் பார்த்தேன். அவர் முழுக்கைச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"மாரப்பா, அந்தப் படிவத்துல வழிபாட்டுக் கட்டத்துல என்ன எழுதுன?"

"இல்லன்னு சார்."

"ஆமான்னு இருந்திருந்தா கல்ல அசைச்சிருக்க முடியாது. சாமி இருக்கிற மூலைய விட்டுட்டுத்தான் எடுத்திருப்பாங்க. மொத்த நெலமும் தப்பியிருக்காது. வீடும் கெணறும் தப்பிச்சிருக்கும்." பொத்தானை விட்டுவிட்டு, "நானும் கேக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார்.

அன்று அன்வர் பாய் டீ வாங்கிவரச் சொன்னார். சார் மறுக்காமல் வாங்கிக் குடித்தார். களத்தில் அவர் வெளி டீ குடித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சும்மா சொல்லக் கூடாது, அவர் மறுநாளே திருத்தம் எழுதி அனுப்பினார். நான் எழுதியது தவறு, கல் வழிபாட்டில் இருந்தது என்று என் பெயரும் தன் பெயரும் போட்டு எழுதினார். பதில் வர ஐந்து மாதம் ஆனது. நிலம் கையகப்படுத்தப்பட்டுச் சமன்செய்யப்பட்டுவிட்டதால் மேல்நடவடிக்கைக்கு இடமில்லை. அவ்வளவுதான் பதில். நேரில் போய்ப் பார்த்தேன். கிணறு எங்கே இருந்தது என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

கையேட்டுக்காரர்களே, இதுதான் நான் கையாலேயே கண்டுபிடித்த கதை. நான் கண்டுபிடித்தது நிஜம். அவர்கள் பொய் சொன்னதும் நிஜம். ஏன் பொய் சொல்கிறார்கள் என்று ஒரு வார்த்தை, எனக்குத் தெரிந்த தெலுங்கில் அந்த அம்மாவைக் கேட்டிருந்தால் போதும். சொல்லிவிடு என்று சொன்னவரே அவர்தான். சந்தேகப்பட எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டேன்.

அந்தக் கல் எங்கள் வளாகத்தில், ஷெட்டுக்குள், மஞ்சள் பெயின்டில் எண் எழுதி நிற்கிறது. ரிட்டயர் ஆகிற வாரம், யாரையும் கேட்காமல் அதிலிருந்து ஒரு படி எடுத்தேன். காகிதம் வழுக்கவே இல்லை, சட்டென்று ஒட்டிக்கொண்டது. சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவுக்கு மேல் வைத்தேன். நாலு வருடம் அங்கேயே கிடந்தது. கொண்டுபோய்க் கொடுக்கத் தைரியம் வரவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்த பிறகு இனியும் தள்ளிப்போட முடியவில்லை. அன்வர் பாயிடம் கேட்டால் விலாசம் தெரிந்தது. போன வியாழக்கிழமை போனேன். மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு லைன் வீடு, வரிசையாக எட்டு கதவு, வாசலில் எட்டு தண்ணீர் டிரம். திம்மராயன் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கிறாராம், டியூட்டிக்குப் போயிருந்தார். லட்சுமம்மா ரோஜாப் பண்ணையில் பூ கட்டும் வேலை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். விரலெல்லாம் முள் கீறல். என்னைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"உங்க சாமி உருவம்மா. அன்னிக்குக் கேட்டீங்க, நான் குடுக்கல. தப்பு என்மேலதான். கொண்டாந்திருக்கேன்" என்று சுருளை நீட்டினேன்.

அவர் வாங்கினார். பிரித்தார். வில்லும் நாயும் எழுத்துமாகச் சாமி முழுசாக இருந்தது. அவர் முகம் ஒரு நொடி அப்படியே இளகியது. கையைக் கூப்பப் போகிறார் என்று நினைத்தேன். கூப்பவில்லை. காகிதத்தைப் பின்பக்கம் திருப்பினார். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, நாலு மூலையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார், எங்கேயாவது ஏதாவது எழுதியிருக்கிறதா என்று.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார்.

"எங்கயும் வேணாம்மா. சும்மா உங்களுக்குத்தான்."

"அவரு டியூட்டி முடிஞ்சு வரட்டும்" என்று காகிதத்தைச் சுருட்டி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பிறகு வரிசையாக இருந்த எட்டு கதவையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்.

"நெசத்த சொல்லுங்கண்ணா. இந்த எடத்தயும் எடுக்கப் போறாங்களா?"

இல்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.